சுகர் ஃபைலில் இல்லாத இரண்டு கணக்கு: கால் நாடியும் கல்லீரல் ஓட்டமும்

சேலத்தில் எந்த லேபில் போய் உட்கார்ந்தாலும் சர்க்கரை நோயாளிகள் கையில் இருக்கிற கவர் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். வெறும் வயிற்று சுகர், சாப்பிட்ட பின் சுகர், எச்.பி.ஏ.1.சி என்கிற மூன்று மாதச் சராசரி, கொலஸ்ட்ரால், கிரியாட்டினின், கூடவே வயிற்று ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று ஒரு வரி. ரத்தத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது அத்தனையும் அதில் இருக்கும். அந்த ரத்தம் போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று சொல்ல ஒரு தாள் இருக்காது. சர்க்கரை நோயில் கால் போவதும், ஃபேட்டி லிவர் தழும்பேறிச் சிரோசிஸாக முற்றுவதும் ரத்த ஓட்டம் கெடுகிற கதைகள்தான். இரண்டையும் முன்கூட்டியே பிடிக்க அதிகச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. கேட்பவர்கள்தான் குறைவு.

முதலில் குழாய். ரத்தக்குழாயின் உட்புறம் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. அந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்துகொண்டே இருக்கும். அது இருக்கும்வரை குழாய் தேவைக்கேற்ப விரியும், தட்டணுக்கள் (பிளேட்லெட்) சுவரில் ஒட்டாது. நீண்ட நாள் அதிக சுகரும் இன்சுலின் எதிர்ப்பும் இந்தச் சுரப்பைக் குறைத்துவிடுகின்றன. நுண்குழாய்களின் அடிச்சவ்வு தடித்துப்போகிறது. பெரிய குழாய்களில் கொழுப்பு படிகிறது. புகைப்பவர்களுக்குத் தொடையிலும் இடுப்பிலும் அடைப்பு வருவது வழக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய தமனிகளில்தான் அதிகம் வரும். அதனால் தொடையில் நாடி நன்றாகத் துடிக்கும், பாதத்தில் காணாது. சுகரோடு பீடியும் சேர்ந்துவிட்டால் இரண்டு இடத்திலும் அடைப்பு.

பாதத்தில் நாடி பார்க்க இரண்டு இடங்கள். கால் பெருவிரலை மேலே தூக்கினால் பாதத்தின் மேல்பக்கம் கயிறுபோல ஒன்று எழும். அதற்குச் சற்று வெளிப்பக்கம், பாதத்தின் நடுவில் ஒன்று. உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால், குதிகாலுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் மற்றொன்று. இரண்டு மூன்று விரல் நுனிகளை மெதுவாக வையுங்கள். கட்டைவிரல் வேண்டாம், அதில் உங்கள் நாடியே உங்களுக்குத் துடிப்பாகத் தெரியும். அழுத்திப் பிடித்தால் இருக்கிற துடிப்பும் அடங்கிவிடும். மேல்பாத நாடி நல்ல ஆரோக்கியமான சிலருக்கும் பிறவியிலேயே கிடைக்காது. கணுக்காலுக்குப் பின்னால் உள்ளது கிடைக்கவில்லை என்றால் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

‘கால் கதகதப்பாத்தான் இருக்கு, ஓட்டம் நல்லா இருக்கு’ என்பது அடிக்கடி கேட்கிற வாக்கியம். சுகர் காலில் இதை நம்ப முடியாது. வியர்வையையும் குழாய்ச் சுருக்கத்தையும் கட்டுப்படுத்தும் நரம்புகள் கெடும்போது பாதம் வறண்டு வெடிக்கும். அதே நேரத்தில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்குவழிகள் திறந்துகொள்ளும். ரத்தம் தோலின் நுண்குழாய்களுக்குள் போகாமலே அந்த வழியாகத் திரும்பிவிடும். கால் சூடாக இருக்கும், மேல்பாதச் சிரைகள் புடைத்துத் தெரியும், தோல் மட்டும் பட்டினி கிடக்கும். அப்படிப்பட்ட காலில் சின்னக் கொப்புளம் வந்தால்கூட மாதக்கணக்கில் ஆறாது. இன்னொன்று: ஒரு கால் மட்டும் மற்றதைவிடச் சூடாக, சிவந்து, வலியே இல்லாமல் வீங்கினால் அது எலும்பு நொறுங்கத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். சார்கோ பாதம் என்பார்கள். எண்ணெய் தேய்ப்பதும் நீவி விடுவதும் அங்கே கெடுதல். அந்தக் காலை ஊன்றாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

நடக்கும்போது கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கும், நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும், மறுபடி அதே தூரத்தில் பிடிக்கும் என்றால் அது தமனி அடைப்பின் பாடப்புத்தக அடையாளம். சேலம் டவுனில் சமதளத்தில் கடை கடையாக நின்று நடப்பவருக்கு இது தெரியாமலே போகலாம். ஏற்காட்டில் காபித் தோட்டச் சரிவில் ஏறுகிறவருக்கு முன்னதாகவே தெரிந்துவிடும், ஏனென்றால் ஏற்றத்தில் கெண்டைக்காலுக்கு இரட்டிப்பு வேலை. ‘மலையில் காற்று மெலிசு, அதனால் கால் வலிக்குது’ என்று ஆறுதல் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. சேர்வராயன் மலையின் சுமார் 1500 மீட்டர் உயரம் அதற்குப் போதாது. நரம்பு ஏற்கெனவே மரத்துப்போனவர்களுக்கு இந்த வலியே வராது, அதுதான் பெரிய ஆபத்து. அடைப்பு முற்றினால் ராத்திரி படுத்ததும் பாதம் வலிக்கும், கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டால் சுகமாக இருக்கும். தொங்கும் காலில் ரத்தம் தேங்கிச் செக்கச்செவேலென்று இருக்கும். வீட்டிலுள்ளவர்கள் அதை நல்ல நிறம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதே காலை ஒரு நிமிடம் உயர்த்திப் பிடித்துப் பாருங்கள், வெளிறிப்போகும்.

இனி அளவு. கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுப்பது, ஏ.பி.ஐ என்று எழுதுவார்கள். ரத்த ஓட்டத்தை ஓசையாகக் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளர் கருவி, ஜெல், சாதாரண பிரஷர் பட்டை போதும். 5 முதல் 10 நிமிடம் மல்லாந்து படுக்க வேண்டும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பீடி, சிகரெட், காபி கூடாது. இரண்டு கையிலும் மேல் பிரஷர் எடுப்பார்கள். பட்டையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டி, டாப்ளரில் ஓசை நின்ற பிறகு இன்னும் 20, 30 ஏற்றி, வினாடிக்கு 2 வீதம் இறக்கி, ஓசை திரும்ப வரும் அளவைக் குறிப்பார்கள். ஒவ்வொரு காலிலும் இரண்டு நாடிகளில் எது அதிகமோ அது. இரண்டு கைகளில் எது அதிகமோ அதனால் வகுக்க வேண்டும். கை 140, கணுக்கால் 98 என்றால் 0.70. 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். 0.4 பக்கம் வந்துவிட்டால் காலே ஆபத்தில் இருக்கிறது.

சர்க்கரை நோயாளிகளிடம் இந்தக் கணக்கு ஏமாற்றும். தமனியின் நடுச்சுவரில் கால்சியம் படிந்து குழாய் விறைத்துப்போயிருக்கும், பட்டையால் அதை அழுத்தி மூட முடியாது. கணுக்காலில் 210 காட்டும், 140-ஆல் வகுத்தால் 1.5. ரிப்போர்ட்டில் ‘1.5, அடைப்பு இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 1.4-ஐத் தாண்டினால் அந்த எண் நல்ல செய்தி இல்லை, எண்ணே செல்லாது என்பதுதான் சரி. அப்போது கால் பெருவிரலில் சின்னப் பட்டை கட்டிப் பிரஷர் பார்க்க வேண்டும். விரல் தமனிகளில் கால்சியம் அவ்வளவாகப் படியாது. விரல் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்தால் 0.7-க்கு மேல் இருக்க வேண்டும். விரல் பிரஷர் 30-க்குக் கீழே இருந்தால் அந்தக் காலில் புண் தானாக ஆறும் என்று எதிர்பார்க்க முடியாது, அடைப்பைத் திறக்கும் வழியைப் பார்க்க வேண்டும். ஒரு சின்ன விஷயம்: மார்கழியில் ஏற்காட்டில் விடியற்காலை முகாம் போட்டு விரல் பிரஷர் எடுத்தால் குளிரில் குழாய் சுருங்கி எல்லோருக்குமே குறைவாகக் காட்டும். காலைப் போர்வைக்குள் கதகதப்பாக்கிவிட்டு எடுக்க வேண்டும்.

இத்துடன் 10 கிராம் மோனோஃபிலமெண்ட், அதாவது நைலான் இழைச் சோதனையும், 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக் கவைச் சோதனையும் செய்தால் கால் பரிசோதனை முடிந்தது. இழையை அது வளைகிற அளவுக்கு மட்டும் குத்த வேண்டும். தோல் தடித்த காலாணி மேல் குத்திவிட்டு ‘உணர்ச்சி இல்லை’ என்று எழுதக்கூடாது. பல வருடங்களாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு பி12 குறைந்தும் இதே மதமதப்பு வரும். ஊசி போட்டால் சரியாகக் கூடியதை சுகர் நரம்பு என்று விட்டுவிடக்கூடாது. ஒரு தடவை பி12 பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது கல்லீரல். உடம்பில் பெரும்பாலான உறுப்புகளுக்கு இல்லாத ஏற்பாடு இதற்கு: இரண்டு வழியாக ரத்தம் உள்ளே வருகிறது. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் வெயின் வழியாக முக்கால் பங்கு, கல்லீரல் தமனி வழியாகக் கால் பங்கு. இரண்டும் கலந்து, செல் வரிசைகளுக்கு நடுவே ஓடும் சைனுசாய்டு என்ற நுண்ணிய வாய்க்கால்களில் ஊர்ந்து, கல்லீரல் வெயின் வழியாக இதயத்துக்குப் போகிறது. செவ்வாய்ப்பேட்டையின் குறுகலான சந்தில் இரண்டு பக்கமும் மூட்டை அடுக்கினால் நடுவில் ஆள் போக இடமிருக்காது. கொழுப்பு நிறைந்து உப்பிய கல்லீரல் செல்கள் இந்த வாய்க்கால்களுக்குச் செய்வது அதுதான். தழும்பு விழுவதற்கு முன்பே, வெறும் கொழுப்பு நிலையிலேயே ஓட்டம் மெதுவாகத் தொடங்கிவிடும்.

அதற்கடுத்த கட்டம் வாய்க்காலின் சுவரில். சைனுசாய்டின் உட்சுவரில் சல்லடைபோலத் துளைகள் உண்டு, ரத்தமும் கல்லீரல் செல்களும் பொருள்களைப் பரிமாறிக்கொள்வது அவற்றின் வழியாகத்தான். இன்சுலின் எதிர்ப்பும் அழற்சியும் நீடித்தால் அந்தத் துளைகள் மூடிக்கொள்கின்றன, நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. சுவரை ஒட்டி உறங்கிக் கிடந்த ஸ்டெல்லேட் செல்கள் விழித்துச் சுருங்குகின்றன, நார் நெய்கின்றன. காலில் நடந்த அதே கேடு, இடம்தான் வேறு. போர்ட்டல் பக்கத்துக்கும் வெளியேறும் பக்கத்துக்கும் இடையே அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும். 10-ஐத் தொட்டால் உணவுக்குழாய்ச் சிரைகள் புடைக்கலாம். 12-ஐத் தாண்டினால் அவை வெடித்து ரத்த வாந்தி வரக்கூடும். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது எஸ்.ஜி.பி.டி என்ற கல்லீரல் என்சைம் 30 என்று சாதுவாக இருக்கலாம். எஸ்.ஜி.பி.டி நார்மல் என்பதற்காகக் கல்லீரல் நார்மல் என்று முடிவுகட்டுவது தப்பு.

ஸ்கேனில் வருகிற கிரேடுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. கிரேடு என்பது கல்லீரல் திரையில் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்பது மட்டும். கொழுப்பு கால்வாசியாவது சேர்ந்தால்தான் சாதாரண அல்ட்ராசவுண்டுக்கே தெளிவாகத் தெரியும். தழும்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கிரேடு 1-இல் முற்றிய தழும்பு இருக்கலாம், கிரேடு 3-இல் தழும்பே இல்லாமலும் இருக்கலாம். சிரோசிஸ் முற்றினால் கொழுப்பு கரைந்தே போய்விடும். ‘கிரேடு குறைஞ்சிருச்சு’ என்று சந்தோஷப்பட அது மட்டும் போதாது.

தழும்பு இருக்குமா என்று பார்க்கக் காசு செலவில்லாத முதல் வடிகட்டி ஃபிப்-4 என்ற கணக்கு. லேப் தாளில் ஏற்கெனவே இருக்கிற எண்களே போதும். வயதை இன்னொரு கல்லீரல் என்சைமான எஸ்.ஜி.ஓ.டி-யால் பெருக்குங்கள். எஸ்.ஜி.பி.டி-யின் வர்க்கமூலத்தைப் பிளேட்லெட்டால் பெருக்குங்கள், பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் போட வேண்டும், 1.8 லட்சம் என்றால் 180. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை. 52 வயது, எஸ்.ஜி.ஓ.டி 48, எஸ்.ஜி.பி.டி 64, பிளேட்லெட் 2.6 லட்சம் என்று வையுங்கள். 52 பெருக்கல் 48, 2496. 64-இன் வர்க்கமூலம் 8, 260-ஆல் பெருக்கினால் 2080. விடை 1.2. 1.3-க்குக் கீழே இருப்பதால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. இதே ஆளுக்குப் பிளேட்லெட் மட்டும் 1.8 லட்சமாக இருந்தால் 1440-ஆல் வகுக்க வேண்டும், 1.73 வரும். உடனே கல்லீரல் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பார்க்க வேண்டியவர் ஆகிவிடுகிறார். 2.67-ஐத் தாண்டினால் நேராகக் கல்லீரல் நிபுணர். 65 வயதுக்கு மேல் கீழ் வரம்பை 2 என்று வைத்துக்கொள்ள வேண்டும், 35-க்குக் கீழே இந்தக் கணக்கு சரிவராது.

பிளேட்லெட் எப்படி இதற்குள் வந்தது என்றால், அங்கேயும் ரத்த ஓட்டம்தான். போர்ட்டல் அழுத்தம் ஏறினால் மண்ணீரலில் ரத்தம் தேங்கி அது வீங்கும், தட்டணுக்கள் அங்கே மாட்டிக்கொள்ளும். கல்லீரலில் சுரக்கிற, தட்டணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனும் குறையும். லேப் தாளின் நார்மல் வரம்பு 1.5 லட்சத்தில் தொடங்குவதால் 1.6 லட்சத்தை யாரும் சிவப்பு மையால் வட்டமிட மாட்டார்கள். நான்கு வருடத் தாள்களை வரிசையாக வைத்து 2.7, 2.3, 1.9, 1.6 என்று இறங்கி வருவதைப் பார்த்தால் கதை புரியும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். டெங்குவோ வேறு காய்ச்சலோ வந்தபோது எடுத்த ரத்தத்தில் மட்டும் ஃபிப்-4 போட்டுப் பயந்துகொள்ள வேண்டாம், காய்ச்சலில் பிளேட்லெட் எப்படியும் இறங்கும்.

ஃபைப்ரோஸ்கேன் கல்லீரலின் விறைப்பை கிலோபாஸ்கலில் சொல்லும். 8-க்குக் கீழே நிம்மதி, 12-ஐத் தாண்டினால் கவனம். மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். சாப்பிட்டால் போர்ட்டல் ஓட்டம் கூடி விறைப்பும் கூடுதலாகக் காட்டும். முறுக்கிப் பிழிந்த பஸ் பயணத்துக்கு நடுவே ஒரு தட்டுவடை செட்டை உள்ளே தள்ளிவிட்டு ‘வெறும் வயிறுதாங்க’ என்று படுத்துக்கொண்டால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

டாப்ளர் ரிப்போர்ட்டில் சில சொற்கள் ஆளைக் குழப்பும். காலில் ‘ட்ரைஃபேசிக்’ என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் அலை முன்னே, பின்னே, மறுபடி முன்னே போகிறது, ஆரோக்கியம். ‘மோனோஃபேசிக்’ என்றால் மேலே எங்கோ அடைப்பு. கல்லீரல் வெயினிலும் ட்ரைஃபேசிக்தான் ஆரோக்கியம், இதயத்தின் துடிப்பு அங்கே எதிரொலிப்பது அது. கல்லீரல் கொழுத்து விறைக்க விறைக்க அந்த அலை தட்டையாகும். ஆனால் போர்ட்டல் வெயினில் மோனோஃபேசிக் என்று இருந்தால் அது இயல்பு. அதைப் படித்துவிட்டு இணையத்தில் தேடிப் பயந்தவர்கள் ஏராளம். போர்ட்டல் வெயினில் பார்க்க வேண்டியவை மூன்று: வேகம் வினாடிக்கு 16 சென்டிமீட்டருக்குக் கீழே போகிறதா, விட்டம் 13 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, ஓட்டம் கல்லீரலை நோக்கியதா. கல்லீரலை நோக்கிப் போனால் ‘ஹெப்பட்டோபெடல்’, நல்லது. ‘ஹெப்பட்டோஃபியூகல்’ என்றால் ரத்தம் திரும்பி ஓடுகிறது, போர்ட்டல் அழுத்தம் முற்றிவிட்டது. கூடவே மண்ணீரலின் நீளத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுத்தால் ஆரோக்கியமான ஆளுக்கும் கல்லீரல் வெயின் அலை தட்டையாகத்தான் தெரியும். சாதாரணமாக மூச்சுவிடும்போது எடுத்ததா என்று கேட்பதில் தப்பில்லை. ஃபேட்டி லிவர் உள்ள எல்லோருக்கும் டாப்ளர் தேவையில்லை. ஃபிப்-4, ஃபைப்ரோஸ்கேன் இரண்டும் நன்றாக இருந்தால் அந்தப் பணத்தைக் கால் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளலாம்.

காலுக்கும் கல்லீரலுக்கும் நடுவே நேர் தொடர்பும் உண்டு. கொழுத்த கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்காது. ராத்திரி முழுக்கச் சர்க்கரை தயாரித்து விட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரி இரண்டே இட்லி சாப்பிட்டும் காலை சுகர் 165, மதியம் சாப்பிட்ட பின் 185 என்று காலை எண் துருத்திக்கொண்டு நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதே கல்லீரல் டிரைகிளிசரைடைப் பொட்டலம் பொட்டலமாக ரத்தத்தில் ஏற்றுகிறது, அது இதயத்திலும் காலிலும் படிகிறது. ஃபேட்டி லிவர் உள்ளவர்களில் கல்லீரல் கெட்டு இறப்பவர்களைவிட மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இறப்பவர்களே அதிகம். இன்னொரு பக்கம், மண்ணீரல் வீங்கிய சிரோசிஸ் நோயாளிக்குச் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிவதால் எச்.பி.ஏ.1.சி பொய்யாகக் குறைந்து காட்டும். 6.2 என்று தாளில் இருக்கும், குளுக்கோமீட்டரில் 220 காட்டும். அப்போது குளுக்கோமீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

சாப்பாட்டில் நம்ம ஊருக்கென்றே ஒரு விஷயம் ஜவ்வரிசி. சேகோ ஆலைகள் சூழ்ந்த மாவட்டம், அதனால் உடம்பு சரியில்லை என்றாலே ஜவ்வரிசிக் கஞ்சி என்ற பழக்கம் வேரோடிவிட்டது. மரவள்ளிக் கிழங்கிலிருந்து நாரும் புரதமும் போக எடுத்த வெறும் மாவுச்சத்து அது. உலர்ந்த 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் மாவு. சுகரும் ஃபேட்டி லிவரும் உள்ளவருக்கு ‘லேசான உணவு’ என்று கொடுப்பது கல்லீரலுக்குப் பாரமான உணவைத்தான். மாம்பழத்தைப் பொறுத்தவரை அடியோடு வேண்டாம் என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. சேலத்தில் இருந்துகொண்டு மல்கோவா சீசனில் அப்படிச் சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். 100 கிராம் சதையில் சுமார் 14 கிராம் சர்க்கரை. அந்த அளவைத் துண்டாக, சாதத்தைக் குறைத்துக்கொண்டு, பகலில் சாப்பிடலாம். ஜூஸாகக் குடித்தால் மூன்று பழத்தின் ஃபிரக்டோஸ் வேகமாகக் குடலிலிருந்து போர்ட்டல் வெயின் வழியாக நேராகக் கல்லீரலில் இறங்கும், அங்கே கொழுப்பாக மாறும். கரும்புச் சாற்றுக்கும் இதே கணக்கு.

ஏற்காட்டுக் காபிக்கு மட்டும் நல்ல செய்தி. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. காபிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சர்க்கரை போடாத இரண்டு மூன்று கப்பைத் தடுக்க வேண்டிய அவசியமில்லை. பாதிக்குப் பாதி சிக்கரி கலந்த தூளில் அந்தப் பலனை எதிர்பார்க்காதீர்கள். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுவிட்டு ஆய்வைக் காட்டுவதும் வேண்டாம்.

எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையும், 7 சதவீதத்தில் அழற்சி தணியும், 10 சதவீதத்தில் தழும்பே இளகத் தொடங்கலாம். 72 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது 5 கிலோ. நம்மவர்களுக்கு எடையைவிட இடுப்பளவுதான் சரியான அளவுகோல்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். எடை மெல்லக் குறையட்டும். மாதத்துக்கு எட்டுப் பத்துக் கிலோ என்று இறக்கினால் கல்லீரல் அழற்சி கூடக்கூடும், பித்தக்கல்லும் வரும்.

கால் அடைப்புக்கு நடையே மருந்து, ஆனால் வலியைத் தவிர்த்து நடக்கிற நடை இல்லை. சமதளத்தில், காந்தி மைதானம் மாதிரி இடத்தில், கெண்டைக்காலில் நடுத்தரமான வலி வரும்வரை நடந்து, நின்று, வலி முழுக்கப் போன பின் மறுபடி நடக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து 30 நிமிடத்தில் தொடங்கி 50 வரை, வாரத்துக்கு மூன்று நாளாவது, பன்னிரண்டு வாரம். தமனியின் அடைப்பு இதனால் கரையாது. பக்கக் குழாய்கள் விரிவதாலும், இருக்கிற ரத்தத்தைத் தசை சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகுவதாலும் வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடும். பாதத்தில் திறந்த புண் இருந்தாலோ, படுத்திருக்கும்போதே வலி இருந்தாலோ இது பொருந்தாது. இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளட்டும்.

மருந்து விஷயத்தில் ஒரே ஒரு கோபம். ஃபேட்டி லிவர் என்று தெரிந்ததும் ‘கொலஸ்ட்ரால் மாத்திரை லிவரைக் கெடுக்கும்’ என்று ஸ்டேட்டினை நிறுத்திவிடுகிறார்கள். ஃபேட்டி லிவரில் ஸ்டேட்டின் பாதுகாப்பானது, அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. கால் அடைப்பும் இருந்தால் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்-ஐ 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். முற்றிப்போன சிரோசிஸில் மட்டும் மருத்துவர் யோசித்துத்தான் தருவார். நடைத் தூரத்தைக் கூட்ட சிலோஸ்டசால் தருவதுண்டு, இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அது கூடாது. கால் வீக்கமும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பயோகிளிட்டசோன் கல்லீரல் அழற்சிக்கு நல்லது, ஆனால் நீர் கோர்க்கும், அதே எச்சரிக்கை. ஸ்டேட்டினை நிறுத்திய கையோடு சீந்தில்கொடிச் சாறு குடிக்கத் தொடங்குவது வேடிக்கை. 2021-இல் மும்பையிலிருந்து சீந்திலால் வந்த கல்லீரல் அழற்சி நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழில் பதிவே வந்துவிட்டது.

மதமதப்புள்ள காலுக்கு ஊருக்கேற்ற ஆபத்துகள் சில உண்டு. ஏற்காட்டில் குளிர்காயும்போது நெருப்பருகே நீட்டிய கால் வெந்தது காலையில்தான் தெரியவரும். வெந்நீர்ப் பை, வெந்நீர் ஒத்தடம் இரண்டுமே வேண்டாம், கம்பளிக் காலுறை போதும். சேலத்தில் ஆடி மாதம் அம்மன் கோயில் தீமிதியில் இறங்குவதற்கு முன் இழைச் சோதனை செய்து பார்க்கட்டும். உணர்ச்சி இல்லாதவர் இறங்கக்கூடாது, வேண்டுதலை வேறு வகையில் நிறைவேற்றிக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் கோயில் கருங்கல் தளமே கொப்புளம் போட்டுவிடும், காலுறை போட்டுச் சுற்றுவதில் சாமிக்கு ஆட்சேபம் இருக்காது. வீங்கிய விரலில் மெட்டி இறுகினால் அதற்கப்பால் ரத்தம் போகாது. விரலைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தால் சோப்பு நுரை போட்டுக் கழற்றப் பாருங்கள், வராவிட்டால் பட்டறையில் வெட்டி எடுத்துவிடலாம். செருப்பு எம்.சி.ஆர் என்கிற மெத்தென்ற ரப்பரில், பின்வார் வைத்தது, சாயங்காலம் கால் வீங்கியிருக்கும் நேரத்தில் அளவெடுத்து வாங்கியதாக இருக்கட்டும். விரல் இடுக்கில் எண்ணெய் கூடாது, காலாணியைப் பிளேடால் சீவக்கூடாது.

காத்திருக்கக் கூடாதவை மூன்று. ஒரு கால் திடீரென்று வெளிறி, சில்லிட்டு, வலித்து, நாடி நின்றால் குழாயில் ரத்தக் கட்டி அடைத்திருக்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் திறக்காவிட்டால் தசை செத்துவிடும். பாதப் புண்ணிலிருந்து நாற்றமும் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே, மறுநாள் கிடையாது. ரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம், சுகர் நார்மலாக இருந்தும் ஆள் தாறுமாறாகப் பேசுவது, இவை கல்லீரல் பக்கத்து அவசரம். இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் மலம் கறுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிச் சேலம் அரசு மருத்துவமனை வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை ஆறு மணி நேரத்தில் கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 108-ஐ அழைக்கும்போது ‘கால் நாடி இல்லை’ அல்லது ‘ரத்த வாந்தி’ என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள், பழைய ரிப்போர்ட் கவரை வண்டியில் ஏற்றிவிடுங்கள்.